சொந்த வீடு (14): பட்டா இல்லாத ஊருக்குப் பக்கத்தில் ஒரு மனை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்கள் கண்ணிலிருந்து மறைவதற்குள் பலகைகள் ஆரம்பித்துவிடுகின்றன. ஆரோவில் அருகில் வீட்டு மனை, ஆரோவில் அருகில் பண்ணை நிலம், ஆரோவில் அருகில் வில்லா. அங்கிருந்து ஆரோவில் இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல். மேற்கே கழுவெளி ஏரி விரிந்து கிடக்கிறது. மனை விற்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு தூரமா?

இந்தத் தொடர் தொடங்கியதிலிருந்து வாசகர்கள் விடாமல் கேட்பது ஒன்று உண்டு. “ரிடையர் ஆனதும் ஆரோவில்லில் ஒரு வீடு வாங்கிப் போட்டுவிடலாமா? என்ன விலை இருக்கும்?” கேட்பவர்களில் பலர் சென்னையில் அடுக்ககம் வைத்திருப்பவர்கள். விற்றால் கோடிக்குக் குறையாது. பணம் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறார்கள். உண்மையிலேயே பணம் அங்கே பிரச்சினை இல்லை. ஏனென்றால் விற்பதற்கு அங்கே யாரிடமும் வீடு இல்லை.

1968 பிப்ரவரி 28 அன்று, விழுப்புரம் மாவட்டத்து வானூர்ப் பக்கம் ஒரு ஆலமரத்தின் அருகே, தாமரை மொட்டு வடிவத் தாழியில் 124 நாடுகளின் மண்ணை இட்டுத் தொடங்கிய ஊர் அது. அன்னை என்று எல்லோரும் சொல்லும் மீரா அல்ஃபாஸா எழுதிய சாசனத்தின் முதல் விதியே, இந்த ஊர் தனிப்பட்ட எவருக்கும் சொந்தமில்லை என்பதுதான். விதி அழகானது. ஆனால் நிலம் யாரோ ஒருவர் பெயரில் இருந்தாக வேண்டுமே! ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டியின் பெயரில் வாங்கினார்கள். 1973-ல் அன்னை மறைந்ததும் சொசைட்டிக்கும் குடியிருப்போருக்கும் சண்டை வந்தது. நம் ஊர்ப் பங்காளிச் சண்டையேதான். 1980-ல் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. 1982-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. கடைசியில் 1988-ன் ஆரோவில் ஃபவுண்டேஷன் சட்டம் நிலம், வீடு எல்லாவற்றையும் ஃபவுண்டேஷன் என்ற ஒரே அமைப்பின் பெயருக்குக் கொண்டுவந்தது.

ஆகவே உள்ளே குடியேற விரும்புகிறவர் முதலில் ஆரோவில்வாசியாக ஏற்கப்பட வேண்டும். புதியவராக ஒரு சோதனைக் காலம் இருக்க வேண்டும், வேலை செய்ய வேண்டும். பிறகு வீட்டுக்கென்று தொகை கொடுத்தாலும் அது நன்கொடைக் கணக்கு. கொடுத்தவர் அந்த வீட்டின் பொறுப்பாளர், அவ்வளவுதான். கிரயப் பத்திரம் கிடையாது. அடமானம் வைக்க முடியாது. மகனுக்கு உயில் எழுத முடியாது. ஊரைவிட்டுப் போனால் வீடு அங்கேயே நிற்கும். இதைச் சொன்னதும் தொலைபேசியின் மறுமுனையில் சின்ன மௌனம். “அப்போ வாடகை வீடு மாதிரியா சார்?” வாடகை வீடும் இல்லை. நமக்குப் பழகிய எந்தக் கணக்கிலும் அது அடங்காது.

இத்தனைக்கும் உள்ளே வசிப்பவர்களும் நம்மைப் போலவே எந்தப் பகுதி, யார் பக்கத்து வீடு என்று யோசிக்கிறவர்கள்தான். குயிலாப்பாளையத்தை ஒட்டிய ஆஸ்பிரேஷன், கீற்றுக் கூரைகளோடு தொடங்கிய பழைய குடியிருப்பு. 1990-களில் அழுத்த மண்கற்களால் எழுந்த விகாஸ், மண் கட்டடக் கலைஞர் சத்பிரேம் மைனியின் கைவண்ணம். உலக வாழிட விருதின் இறுதிச் சுற்றுவரை போனது. டவுன்ஹாலை ஒட்டிய சிட்டாடினில் அடுக்ககம், படியிறங்கினால் அலுவலகம். தனிமை வேண்டுமென்றால் பசுமை வளையத்துக் காட்டுக்குள் ஒரு வீடு, பாம்போடும் கொசுவோடும். வரைபடத்தில் இந்த நகரம் 50,000 பேருக்கானது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் வசிப்பவர்கள் நாலாயிரத்தை எட்டவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த ஊருக்குள் விலையே இல்லாத நிலம்தான் வெளியே விலையை ஏற்றுகிறது. 1968-ல் அந்த மேட்டு நிலம் செம்மண் பொட்டல். மழைக்கு மண் அரித்து, பள்ளத்தாக்குபோல ஓடைகள் வெட்டுண்டு கிடந்தன. செந்நீர் கடலில் போய் விழும். வந்தவர்கள் வரப்பு கட்டி, குழி வெட்டி, மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்து லட்சக்கணக்கில் மரம் வைத்தார்கள். கூடவே வெயிலில் நின்று மண்வெட்டி பிடித்தவர்கள் இடையஞ்சாவடி, ஆலங்குப்பம், கோட்டக்கரைக்காரர்கள். கடுவெளிச் சித்தர் இட்ட சாபத்தால்தான் இந்த மண் வறண்டது, தூரதேசத்து மனிதர்கள் வந்து பச்சையாக்குவார்கள் என்று இரும்பைப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். கதையில் மண்வெட்டி பிடித்தவர்களுக்கு இடமில்லை. இன்று மனைத் தரகர் நம்மை முதலில் அழைத்துப்போய்க் காட்டுவது இந்த நிழலைத்தான். “காத்தப் பாருங்க சார், ஏசியே வேணாம்!” காற்றுக்கும் சேர்த்துத்தான் சதுர அடிக்கணக்கு.

சரி, உள்ளே கிடைக்காது. வெளியே வாங்குவதென்று முடிவு செய்கிறீர்கள். எங்கே?

கடல் பக்கம்தான் எல்லோருக்கும் ஆசை. பொம்மையார்பாளையம், சின்னமுதலியார்சாவடி. நான் அங்கே நிதானிக்கச் சொல்வேன். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய கல்சுவர்கள் அந்த மணலைத் தெற்கிலேயே பிடித்து வைத்துக்கொண்டன. வடக்கே கரை தேய்ந்தது. ஒரு குப்பத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினால் அரிப்பு அடுத்த குப்பத்துக்குப் போகிறது. தந்திராயன்குப்பத்தில் கல் போட்டார்கள், வலியைச் சின்னமுதலியார்சாவடி பட்டது. ஆரோவில்லின் கடற்கரைக் குடியிருப்பான ரெப்போவும் தப்பவில்லை. இது தவிர கடலோர ஒழுங்குமுறை விதி வேறு: 2019 அறிவிக்கைப்படி, மக்கள் அடர்த்தி குறைந்த ஊரகக் கரையில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டடம் கூடாது, அடர்த்தி மிகுந்த இடத்தில் அது 50 மீட்டர். உங்கள் சர்வே எண் எந்த வகையில் விழுகிறது என்று தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பத்து வருடத்துக்கு முன் கரை எங்கே இருந்தது என்று அந்த ஊர் மீனவரிடம் கேளுங்கள். கையை நீட்டிக் கடலுக்குள் காட்டுவார்.

மேற்கே இடையஞ்சாவடி, கோட்டக்கரை, இரும்பை பக்கம் கடல் பயம் இல்லை. ஆனால் 2011 டிசம்பர் 30-ன் தானே புயலில் வேரோடு சாய்ந்த மரங்கள் அங்கேதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பழைய ஓடை வழியைத் தூர்த்துப் போட்ட மனைகளை அன்று அடையாளம் கண்டிருக்கலாம். மனை பார்க்க நல்ல மாதம் கார்த்திகை. பங்குனியில் எல்லா மனையும் மேடுதான்.

இந்தப் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஆரோவில்லின் மாஸ்டர் பிளான் 2010-ல் மத்திய அரசிதழில் வெளியானது. நடுவில் நகரம், சுற்றிலும் பசுமை வளையம் என்ற அந்த வட்டத்துக்குள் இன்னமும் தனியார் பட்டா நிலங்கள் இருக்கின்றன. பட்டா சுத்தமாக இருக்கலாம். உங்கள் ஜன்னலுக்கு எதிரே நாளை என்ன வரும் என்பதை அந்த வரைபடம் தீர்மானிக்கலாம். 2021 டிசம்பரில் அந்த வரைபடத்திலுள்ள கிரவுன் சாலைக்காக மரங்களை வெட்ட ஜேசிபிகள் வந்தன. குடியிருப்போர் தடுத்தார்கள். 2022 ஏப்ரலில் பசுமைத் தீர்ப்பாயம் நிபந்தனைகள் போட்டது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஒரு சென்ட் நிலமும் தன் பெயரில் இல்லாதவர்கள் ஒரு சாலைக்காக டெல்லிவரை போனதை நான் வியப்போடுதான் பார்க்கிறேன். நம் அடுக்ககத்தில் மொட்டைமாடி ஒழுகினால் கூட்டத்துக்கு ஐந்து பேர் வருவதில்லை.

பத்திர விஷயத்தில் முன்பே எழுதியவற்றைத் திரும்பச் சொல்லவில்லை. 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு பிரிக்கப்பட்ட அங்கீகாரமில்லாத மனையை வரன்முறைத் திட்டம் காப்பாற்றாது. கோயில் நிலமா என்று பாருங்கள். இரும்பை மாகாளம் தேவாரம் பாடப்பட்ட தலம், இந்த வட்டாரம் நேற்று முளைத்ததல்ல. செலவு, முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்.

அதைவிட முக்கியமானது கையெழுத்து. இங்கே விற்பனைக்கு வருவது பெரும்பாலும் பாகம் பிரிக்காத பழைய முந்திரித் தோப்பு. தாத்தா பெயரில் பட்டா இருக்கும். விற்க வருகிறவர்கள் அண்ணன் தம்பிகள். தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்துவிட்டது, அப்போது மணமாகாதிருந்தவர்களுக்கு. 2005-ன் மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. தரகரிடம் கேட்டால், “அதுங்களுக்கு அப்பவே சீர் செஞ்சாச்சு சார், கேக்க மாட்டாங்க” என்பார். திண்டிவனத்திலோ கடலூரிலோ வாழ்க்கைப்பட்டுப் போன அக்கா, சதுர அடி என்ன விலைக்குப் போனது என்று கேள்விப்படும்வரை கேட்க மாட்டார்தான். கேள்விப்பட்டதும் பாகப்பிரிவினை வழக்கு வரும், உங்களையும் பிரதிவாதியாகச் சேர்த்து. வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதிலுள்ள ஒவ்வொரு பெண் பெயருக்கும் நேரே பத்திரத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும், தரகரை அனுப்பாமல் நீங்களே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்.