கம்பெனி தன் குறையைத் தானே எழுதும் பக்கங்கள்

காஞ்சிபுரம் மாவட்டம் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகின்றன. அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்த ஆலை வாசலைத் தாண்ட முடியாது. ஆனால் அதன் கொடுக்கல் வாங்கலை யார் வேண்டுமானாலும் கைபேசியில் காசில்லாமல் படிக்கலாம்.

2024 ஜூனில், பங்குச் சந்தையில் நுழைவதற்காக ஹூண்டாய் மோட்டார் இந்தியா, சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியிடம் வரைவு ஆவணம் தாக்கல் செய்தது. அக்டோபரில் பங்கு ஒன்று 1,960 ரூபாய்க்கு விற்று, சுமார் 27,870 கோடி திரண்டது. இந்தியாவில் அதுவரை அவ்வளவு பெரிய பொதுப் பங்கு வெளியீடு (ஐபிஓ) வந்ததில்லை. ஆவணத்தைப் புரட்டியவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்தது: விற்கப்பட்டவை கொரியத் தாய் நிறுவனத்தின் கைவசமிருந்த பங்குகள். வசூலில் ஒரு ரூபாய்கூட இந்திய நிறுவனத்துக்கு வராது.

அதே ஆவணத்தில் ‘இடர்கள்’ என்றொரு பகுதி உண்டு. தன் பலவீனத்தை மறைத்துப் பங்கு விற்றால் சட்டம் பிடிக்கும் என்பதால், கம்பெனியே தன் குறைகளை அதில் அடுக்குகிறது. கார் உற்பத்தி முழுக்க அப்போது இருங்காட்டுக்கோட்டை என்ற ஓரிடத்தையே நம்பியிருந்தது. உறவு நிறுவனமான கியாவே சந்தையில் போட்டியாளர். விற்பனை வருவாயில் 3.5 சதவீதம் தாய் நிறுவனத்துக்கு ராயல்டி. நூறு ரூபாய் விற்றால், லாபமோ நஷ்டமோ, மூன்றரை ரூபாய் கொரியாவுக்கு.

பொறுப்பில் இருப்பவர் கணக்குக் காட்ட வேண்டும் என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இதே மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, வாரியம் என்ற ஊர்க் குழுவில் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும், குடத்தில் ஓலை இட்டு எடுக்கும் குடவோலைத் தேர்வுக்கே தகுதியற்றவராக்கியது.

இன்று, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி காலாண்டுக் கணக்கை 45 நாளுக்குள் வெளியிட வேண்டும். ஆண்டுக் கணக்குக்கு 60 நாள். ஆண்டறிக்கையைப் பின்னாலிருந்து படிப்பதே நல்லது. முன்பக்கத்தில் தலைவரின் புன்னகை. பின்பக்கக் குறிப்புகளில்தான் வரி வழக்குகளும், உறவு நிறுவனங்களுடனான வியாபாரமும் இருக்கும். லாபம் ஏற ஏற, தொழிலிலிருந்து வரும் ரொக்கம் குறைந்துகொண்டே போனால், சரக்கு தேங்குகிறதா, கடன் வசூலாகவில்லையா என்று பார்க்க வேண்டும். சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் கம்பெனிகள் எவ்வளவு தண்ணீர் எடுத்தன, நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர், மற்றவர்கள் எத்தனை பேர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏரிப் பாசன ஊர்க்காரர்களுக்கு லாபத்தைவிட இந்த எண்கள் முக்கியம்.

ஒரே ஆண்டின் அறிக்கை அதிகம் பேசாது. இரண்டு ஆண்டுகளை அருகருகே வையுங்கள். போன வருடம் இருந்த வாக்கியம் இந்த வருடம் காணாமல் போயிருந்தால், கேள்வியை அங்கிருந்து தொடங்கலாம்.