தீவன விதைகளின் முளைப்புப் பரீக்ஷை

கால்நடைத் தீவனத்திற்காக நம் நாட்டிற்குக் கொணரப்பட்ட வேலிமசால், முயல்மசால், சூபாபுல் ஆகிய மூன்றும் அமெரிக்காவின் உஷ்ணப் பிரதேசங்களுக்கு உரியவை. இவற்றை மானாவாரியில் விதைத்த குடியானவர் சிலர், பத்து நாளாகியும் நிலம் வெறுமையாய்க் கிடக்கக் கண்டு, விதை செத்ததென்று தீர்மானித்துவிடுகின்றனர். பெரும்பாலும் அவ்விதை செத்ததன்று, உறங்குவதேயாம்.

இச்செடிகளின் விதைத்தோல் ஜலத்தை உட்புக விடாது. முதல் தூறலிலேயே விதைகள் யாவும் முளைத்து, பின்வரும் வெயிலில் மடியாதிருக்க இஃது உதவுகின்றது. செடிக்கு இது நன்மையே. ஒரு மழையை நம்பி விதைப்பவருக்கோ நஷ்டம்.

ஆதலின் விதைப்புக்கு மூன்று வாரம் முன்னரே பரீக்ஷை செய்தல் வேண்டும். மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய மூன்றிடத்திலும் விதையெடுத்துக் கலந்து, பொறுக்காமல் 200 விதைகளை எண்ணி, இரு பங்காக்குக. ஒரு பங்கை அப்படியே வைத்துக்கொள்க. மற்றதற்கு, நீரைக் கொதிக்கவைத்து அடுப்பினின்று இறக்கி, சூடு ஏறக்குறைய 80 டிகிரிக்குத் தணிந்தபின் விதையை இட்டு, நான்கு நிமிஷம் கழித்து வடித்து, இரவு முழுதும் தண்ணீரில் ஊறவிடுக. அடுப்பின்மேல் வைத்தே விதையைக் கொதிக்கவைத்தால் கரு வெந்துவிடும். இரு பங்குகளையும் தனித்தனி ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து, ஈரம் காயாமற் காக்க.

பத்தாம் நாள் பிரித்து, முளைத்தவை, அழுகியவை, ஊறாமல் கல்லைப் போலிருப்பவை என மூன்றாக எண்ணுக. கல் விதையைச் செத்த விதையோடு சேர்த்தெண்ணினால் பரீக்ஷையே வீண். சுடுநீர் காட்டாத பங்கில் 25 முளைத்து 65 கல்லாயிருக்க, மற்றதில் 80 முளைத்ததென்று கொள்வோம். விதை நல்லதே, முழுவதற்கும் சுடுநீர் காட்டி, நிழலில் உலர்த்தி, உடனே விதைக்கலாம். இரண்டிலும் அழுகியவையே மிகுமாயின், அவ்விதையை அதிகமாய்த் தூவுவதினும் திருப்பிக் கொடுப்பதே மேல். கிராமத்தில் விதை வினியோகிக்கும் அதிகாரிகள் வினியோகத்திற்கு முன்பே இதனை முடித்துவிடுதல் நலம்.

ஆப்பிரிக்காவினின்று வந்த கினியாப் புல்லின் சங்கதி வேறு. அதன் புது விதை சில மாதம் முளைக்காது, பதரும் மிகுதி. கணக்கெடுக்க 28 நாள் வேண்டும். பாசன வசதியுள்ளவர் வேர்க்கரணை நடுவதே சிக்கனம்.

சூபாபுல் விதைத்தோர்க்கு ஒரு வார்த்தை. முளையாது மண்ணில் தங்கிய கல் விதைகள் பின்வரும் ஆண்டுகளின் மழையிலும் முளைக்கும். முற்றிய நெற்றுக்கள் உதிர்ந்தால் வரப்பெங்கும் கன்றுகள் பரவும். காய் முற்றுமுன் தழையை அறுத்து மாட்டுக்கிடுக.