கொல்லிமலை விருந்து

கோடை விடுமுறை வந்துவிட்டால் உதகமண்டலத்தையும் கோடைக்கானலையும் நினைப்பது நம்மவர் வழக்கம். சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் அன்பர்களோ, தங்கள் வீட்டு வாசலிலிருந்தே நீலமாய்த் தெரியும் ஒரு மலையை நாள்தோறும் பார்த்தும் பாராதவர்களாய் இருந்துவிடுகிறார்கள். அந்தக் கொல்லிமலைக்கு நேயர்களை ஒருமுறை அழைத்துச் செல்ல விரும்புகிறோம். காட்சிகளைக் காட்டுவது மட்டும் நம் நோக்கமன்று. அங்கே நமக்காக ஒரு விருந்து இருக்கிறது. கேட்டு வாங்கி உண்பவர் இல்லாமற் போனால் அது இலையை விட்டே மறைந்துவிடக் கூடும்.

பிரயாணத்தை நாமக்கல்லிலிருந்து தொடங்குவதே முறை. ஊர் நடுவே ஒரே பாறையாய் எழுந்து நிற்கிறது நாமகிரி. அதைக் குடைந்து அதியர் குல மன்னர் எட்டாம் நூற்றாண்டில் அமைத்த நரசிம்மர், ரங்கநாதர் குகைக் கோயில்களையும், மேலே கூரையின்றி மழையிலும் வெயிலிலும் கைகூப்பி நிற்கும் 18 அடி உயர ஆஞ்சநேயரையும் தரிசித்துக்கொள்ளலாம். கணித மேதை ராமாநுஜனின் குலதெய்வமான நாமகிரித் தாயார் எழுந்தருளியிருப்பதும் இங்கேதான். தேசீயக் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையைத் தமிழ்நாடு முழுவதும் இவ்வூர்ப் பெயராலேயே அறியும்.

சேந்தமங்கலத்தையும் காளப்பநாயக்கன்பட்டியையும் கடந்தால் அடிவாரமாகிய காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் சமவெளி இன்னும் சற்றுக் கீழே இறங்கிப்போவது போல் தோன்றும். வெயிலின் உக்கிரம் தணிந்து, சோளக்காட்டை அடையும்போது பலாப்பழ வாசனை நம்மை வரவேற்கிறது. உயர்ந்த மரங்களில் மிளகுக் கொடிகள் தழுவிப் படர்ந்திருக்கின்றன. அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள் நிற்கின்றன. வாழையும் அன்னாசியும் எங்கும் விளைகின்றன. மலையின் உச்சிப் பகுதிகள் கடல் மட்டத்துக்குச் சுமார் 4,000 அடி உயரத்தில் உள்ளன.

வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு என்று இம்மலையின் பகுதிகள் 'நாடு' என்ற பெயராலேயே வழங்குகின்றன. இங்குள்ள மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தாருடன் இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மலையை ஆளுகிறவர்கள் என்பதே பொருள். காஞ்சியிலிருந்து வந்த சகோதரர் மூவரின் வழியினர் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினர் என்பது இவர்களிடையே வழங்கும் கதை.

வளப்பூர் நாட்டில் அறப்பளீசுவரர் ஆலயம். அதன் அருகிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கினால், சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஆகாய கங்கை விழுகிறது. நீர்த்துளிகள் முகத்தில் பட்டதும் இறங்கிய களைப்பு மறந்துபோகும். ஏறும்போதுதான் மீண்டும் நினைவு வரும்! ஆனால் பாறை இடுக்குகளில் உடைந்து கிடக்கும் மதுப்புட்டிகளைக் கண்டு நாம் வெட்கினோம். இந்தியாவிலேயே முன்னோடியாக 1937-ல் மதுவிலக்கு அமலுக்கு வந்த பழைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்த மலையல்லவா இது?

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. ஆடி மாதத்தில் அவனுக்கு விழா எடுக்கிறார்கள். யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பால் வீழ்த்தியவன் என்று அவன் வில்லாற்றலைப் பலரும் புகழ்வார்கள். நம் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. புறநானூற்றில் வன்பரணர் சொல்கிறார்: காட்டில் எதிர்ப்பட்ட பாணர்களுக்கு, தான் இன்னார் என்றும் தெரிவிக்காமல், அந்த இடத்திலேயே உணவளித்துத் தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் வழங்கினானாம். மலையில் உள்ளதை வந்தவருக்குக் கொடுப்பதே கொல்லியின் பழைய தர்மம்.

அந்த நினைவோடு ஒரு சிறு சாப்பாட்டுக் கடையில் நுழைந்து, "சாமைச் சோறு கிடைக்குமா, அம்மா?" என்று கேட்டோம். கடைக்கார அம்மாள் திகைத்துப் போனாள்.

"அதையெல்லாம் உங்களுக்கு எப்படிங்க போடறது? நெல்லுச் சோறு சூடா இருக்குதுங்க, உக்காருங்க" என்றாள்.

தன் வீட்டுச் சோற்றை விருந்தினருக்கு இடக் கூசினாள் அவள். அந்தக் கூச்சத்தை உண்டாக்கியவர்கள் யார்? சமவெளியிலிருந்து போகும் நாம்தான்.

சாமையிலும் தினையிலும் கேழ்வரகிலும் எத்தனை வகைகளை இம்மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள்! கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, செந்தினை, சட்டைக் கேழ்வரகு என்ற பெயர்களே ஒரு தனி அகராதி. இன்று அந்த நிலங்களில் பெரும்பகுதியை மரவள்ளி பிடித்துக்கொண்டது. தென் அமெரிக்காவில் பிறந்த இக்கிழங்கு, இரண்டாம் உலக மகாயுத்தத்தில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது தடைப்பட்டபோது சேலத்தில் ஒரு பெருந் தொழிலுக்கு வித்திட்டது. ஆலைகள் கிழங்குக்கு ரொக்கம் தருகின்றன. சாமையையோ உமி நீங்க உரலிலிட்டு மணிக்கணக்காகக் குத்தவேண்டும். அந்தப் பாடு முழுவதும் பெண்களுடையது. ரேஷன் கடையில் அரிசி கிடைக்கும்போது யார்தான் உலக்கையைத் தேடுவார்? மலைவாசிகளைக் குறை கூற நமக்கு உரிமையில்லை.

வழி இல்லாமலும் இல்லை. 1990-களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கே விதைகளைச் சேகரித்து, உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கிராமங்களில் அமைத்து, பெண்கள் குழுக்கள் மாவும் அரிசியும் விற்க உதவியிருக்கிறார்கள். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ஆயினும் வாங்குவோர் இல்லையேல் விதைப்போர் எங்கிருந்து வருவர்?

ஆகையால் கொல்லிமலைக்குச் செல்லும் குடும்பத்தினருக்கு ஒரு விண்ணப்பம். பாறைகளில் வளரும் முடவாட்டுக்கால் கிழங்கின் ரசத்தை மிளகு தூவிப் பருகுங்கள். ஆட்டுக்கால் போல் தோன்றினும் அது சுத்த சைவம். கேழ்வரகுக் களியைக் கீரையோடு கேளுங்கள். திரும்பும்போது பலாப்பழத்தோடு இரண்டு படி சாமையும் வாங்கி வாருங்கள், பேரம் பேசாதீர்கள். ராஜாஜி 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்தபோது, கிராமத்து நூலைப் பட்டணத்தார் உடுத்தினால்தான் ராட்டை சுழலும் என்பதை நம் பெரியோர் உணர்ந்திருந்தார்கள். துணிக்குப் பொருந்தும் அந்தச் சுதேசி தர்மம் சோற்றுக்கும் பொருந்தும்.

கடைசியில் அந்த அம்மாள் தன் வீட்டுக்கு வடித்திருந்த சாமைச் சோற்றிலேயே நமக்கும் ஒரு பங்கு இட்டாள். மொச்சைக் குழம்பு ஊற்றினாள். நாம் இரண்டாம் முறை கேட்டபோது அவள் முகத்தில் கூச்சம் போய்ப் பெருமிதம் தோன்றியது. ஓரியின் மலையில் அதைவிடச் சிறந்த காட்சி வேறொன்றும் நாம் காணவில்லை.