நடுக்கடலில் நியாயம்

சமுத்திரம் எந்தத் தேசத்துக்கும் சொந்தமன்று. நடுக்கடலில் செல்லும் கப்பல் எந்த நாட்டுக் கொடியைத் தாங்கியிருக்கிறதோ அந்த நாட்டின் அதிகாரத்துக்கே உட்பட்டது. யுத்த முற்றுகையை மீறச் செல்லும் கப்பலை வழிமறிக்கலாம் என்பது இவ்விதிக்கு ஒரு முக்கியமான விலக்கு.

2010 மே 31-ந் தேதி விடியுமுன், இந்த விலக்கே உலகமெங்கும் விவாதப் பொருளாயிற்று. காஸா மக்களுக்கு உதவிப் பொருள்கள் கொண்டு சென்ற ஆறு கப்பல்களை, கரையிலிருந்து சுமார் 72 கடல் மைல் தொலைவில் இஸ்ரேலியக் கடற்படை வழிமறித்தது. 'மாவி மர்மரா' என்னும் கப்பலில் பிரயாணிகள் சிலர் சிப்பாய்களை எதிர்த்துத் தாக்கினர், சிப்பாய்கள் சுட்டனர். ஒன்பது பிரயாணிகள் மாண்டனர். படுகாயமுற்ற மற்றொருவர் 2014-ல் உயிர் நீத்தார்.

ஆயுதக் கடத்தலைத் தடுக்கவே 2009 ஜனவரியில் முற்றுகையை அறிவித்தோம் என்பது இஸ்ரேலின் கட்சி. ஒரு ஜனசமூகம் முழுவதையும் வருத்தும் முற்றுகை கூட்டுத் தண்டனையே என்பது எதிர்க்கட்சி. குடிமக்களுக்கு விளையும் தீங்கு ராணுவப் பயனை விஞ்சுமானால் முற்றுகை கூடாது என்கிறது, கடற்போர் விதிகளைத் தொகுத்த 1994-ம் வருஷத்து ஸான் ரெமோ கைந்நூல். விஞ்சியதா, இல்லையா என்பதே வழக்கு.

ஐக்கிய நாடுகளின் மனித உரிமை மன்றம் அனுப்பிய குழு, முற்றுகையே சட்ட விரோதம் என்று 2010-ல் கூறிற்று. நியூஸிலாந்தின் முன்னாள் பிரதமர் ஜெப்ரி பால்மர் தலைமையில் ஐ.நா. பொதுச் செயலாளர் நியமித்த குழுவோ, முற்றுகை சட்டபூர்வமானதே என்று 2011-ல் தீர்மானித்தது. ஆனால், பிரயோகித்த பலம் அளவு மீறியது என்பதில் இரு குழுக்களும் ஒன்றுபட்டன. 2013-ல் இஸ்ரேல் துருக்கியிடம் மன்னிப்புக் கோரியது. 2016-ல் இரண்டு கோடி டாலர் நஷ்டஈடு தர உடன்பட்டது.

கப்பலை நிறுத்த உரிமை உண்டென்றே வைத்துக்கொள்வோம். அதில் உள்ளவர்களின் உயிரைப் பறிக்க அவ்வுரிமை அனுமதிச் சீட்டு ஆகிவிடாது.