சிவந்து காட்டும் மதுவம்

அப்ப மாவில் கள் விட்டு மூடிவைத்தால் விடியற்காலையில் பொங்கி நிற்கும். பொங்க வைப்பது மதுவம், அதாவது ஈஸ்ட். பாண் மாவைப் பொங்க வைக்கும் அதே இனத்துக்கு ஆய்வுகூடத்தில் இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள்: தண்ணீர் பார்ப்பது.

மட்டக்களப்பு வாவியையே எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். கடலோடு சேரும் வாய் பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் மட்டுந்தான். வெயில் காலத்தில் அவற்றையும் மணல் அடைத்துவிடும். வயலுக்கு அடித்த மருந்தும் ஊர்களின் சவர்க்காரத் தண்ணீரும் மழையோடு வந்து சேர்வது இதில்தான். இவற்றில் சில இரசாயனங்களை உடம்பு பெண் ஓமோனான ஈஸ்திரஜன் என்று எண்ணி ஏமாந்துபோகும். கருவிகளைக் கொண்டு தேடலாம்; ஆனால் பெயர் தெரிந்ததைத்தானே தேட முடியும்?

பெயர் தெரியாமலே பிடிக்கும் வழியை 1996இல் இங்கிலாந்தின் புரூனெல் பல்கலைக்கழகத்தில் ரூட்லெஜ், சம்ப்டர் இருவரும் விளக்கி எழுதினார்கள். மதுவத்துக்கு இயல்பில் ஈஸ்திரஜன் வாங்கி, அதாவது ஈஸ்திரஜன் வந்து ஒட்டும் இடம், கிடையாது. வசதியே அதுதான். மனித வாங்கிக்குரிய பரம்பரையலகை அதன் நிறமூர்த்தத்தில் புகுத்தினால், குறுக்கே பேச வேறு வாங்கி இல்லை. கூடவே பற்றீரியாவின் நொதியம் ஒன்றுக்கான பரம்பரையலகையும் சேர்த்தார்கள். வாங்கி தூண்டப்பட்டால் மாத்திரமே அது வேலை செய்யும்.

96 சிறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் மதுவமும் மஞ்சள் சாயமும் சோதிக்கவேண்டிய நீரின் சாறும் இட்டு, 32 பாகை செல்சியசில் மூன்று நாள் வைப்பார்கள். வாங்கியில் ஏதாவது போய் ஒட்டினால் நொதியம் சுரந்து மஞ்சளைச் சிவப்பாக்கும். சவர்க்காரத்திலும் பூச்சிமருந்திலும் சேர்க்கும் சில பொருட்கள் சிதைந்து உண்டாகும் நொனைல்பீனோலுக்கும் குழி சிவக்கும். ஆனால் அது உண்மையான ஓமோனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பலவீனமானது. பயப்படுமுன் இதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

மதுவத்துக்கு ஈரல் இல்லை. மெதொக்சிகுளோர் போன்ற பூச்சிகொல்லி ஈரலில் மாறிய பிறகுதான் முழு வீச்சில் ஓமோன் வேடம் போடும். அதை மதுவம் சரியாகக் காட்டாது. இன்னொரு சிக்கல் வயற்காட்டு நீருக்கே உரியது: பங்கசுகொல்லி கலந்திருந்தால் மதுவமே செத்துப்போகும், மதுவமும் பங்கசுதானே. ஆகவே குழி மஞ்சளாகவே நின்றால் தண்ணீர் சுத்தம் என்று முடிவுகட்டக்கூடாது. குழி கலங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். கலங்கியிருந்தால் மதுவம் பெருகியிருக்கிறது, ஈரலில் மாறும் பொருட்கள் தவிர மற்றவற்றுக்கு முடிவை நம்பலாம். தெளிந்திருந்தால் அந்தச் சோதனை செல்லாது.