8 வினாடியில் ஏறிய சம்பளம்!

ஐரோப்பாவில் சைக்கிள் பந்தய வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனிகள்தான். கம்பெனியின் பெயர் சட்டையில் இருக்கும். ஒப்பந்தம் முடிந்ததும் வீரர் வேறு கோஷ்டிக்குப் போகலாம். ஜெயித்தவருக்குக் கிராக்கி. படுத்தவருக்கு மதிப்பு இல்லை.

கிரெக் லெமாண்ட் அமெரிக்க வீரர். பிரான்சைச் சுற்றும் "டூர் டி பிரான்ஸ்" பந்தயத்தில் 1986-ல் முதலாவதாக வந்தார்.

உடம்பில் ரவை

1987 ஏப்ரலில் வான்கோழி வேட்டைக்குப் போனார். கூட வந்த மைத்துனர் தவறுதலாகச் சுட்டுவிட்டார். உயிர் தப்பியதே பெரிய காரியம். 30-க்கும் அதிகமான ரவைகள் உடம்பிலேயே தங்கிவிட்டன.

2 ஆண்டுகள் அந்தப் பந்தயத்துக்கு அவர் போகவில்லை. 1989-ல் பெல்ஜியத்தின் "ஏ.டி.ஆர்." என்ற சிறிய கோஷ்டியில் சேர்ந்து, மறுபடியும் வந்தார்.

கடைசி நாள்

பிரெஞ்சு வீரர் லாரன் பின்யோன் 50 வினாடி முந்தி இருந்தார். பாக்கி இருந்தது 24½ கிலோமீட்டர். ஒவ்வொருவரும் தனியாக ஓட்ட வேண்டும். லெமாண்ட் பறந்தார். 8 வினாடி வித்தியாசத்தில் வெற்றி அவருக்கு!

உடனே பேரம் தொடங்கியது. குழந்தைகள் உடை விற்கும் "இசட்" கம்பெனியின் பிரெஞ்சு கோஷ்டி அவரைப் பிடித்துக்கொண்டது. 3 ஆண்டுக்குச் சம்பளம் 55 லட்சம் டாலர்!

1990-ல் அந்தக் கோஷ்டிக்காக மீண்டும் ஜெயித்தார்.

ரவைகள் மட்டும் உடம்பில் அப்படியே இருந்தன.