குட்மேன் என்று சொன்னதற்கு நெற்றியில் சூடு

எங்கள் வல்லத்திராக்கோட்டை பக்கம் வளர்ந்தவர்களுக்கு மரியாதைச் சண்டை என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. பரிவட்டம் முதலில் யாருக்கு, காளாஞ்சி யார் கையில், வடத்தை முதலில் தொடுவது எந்தக் கரைக்காரர், இதில் வரிசை மாறினால் போதும், தேர் நின்ற இடத்திலேயே நிற்கும். வெளியூர் நண்பர்கள், "ஒரு துண்டுத் துணிக்காகவா இவ்வளவு?" என்று சிரிப்பார்கள். துணிக்காக இல்லீங்க. ஊர் முன்னால் யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதற்காக.

கொஞ்ச நாளாக 17-ஆம் நூற்றாண்டின் தொடக்க கால இங்கிலாந்துப் பாராளுமன்றத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க நம்ம ஊர் கோயில் வாசல்தான் ஞாபகம் வருகிறது.

1621-ஆம் வருடம் மே மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிரபுக்கள் சபையில் ஒரு விவாதம். ஸ்பென்சர் பிரபு பழைய வரலாறு ஒன்றைப் பேச, ஆரண்டல் பிரபு குறுக்கிட்டு, அதெல்லாம் நடந்த காலத்தில் உன் முன்னோர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள் என்கிற மாதிரி சொல்லிவிட்டார். ஸ்பென்சர் குடும்பம் உண்மையிலேயே ஆட்டு வியாபாரத்தில் பணம் சேர்த்த குடும்பம். அவரும் விடவில்லை. என் ஆட்கள் ஆடு மேய்த்தபோது உன் ஆட்கள் ராஜதுரோகம் செய்துகொண்டிருந்தார்கள் என்று திருப்பிக் கொடுத்தார். சபை ஆரண்டலை மன்னிப்புக் கேட்கச் சொன்னது. அவர் மறுத்தார். லண்டன் டவர் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். வாய்ச்சண்டை வாள்சண்டையாகிற காலம் அது. மன்னர் ஜேம்ஸ் சில வருடங்களுக்கு முன்புதான் துவந்த யுத்தத்தைத் தடை செய்து ஆணை போட்டிருந்தார். அதனால் சபையே நாட்டாமை செய்ததில் ஒரு நியாயம் இருந்தது.

அதே மாதம் நடந்த இன்னொரு வழக்கு அப்படி இல்லை. எட்வர்ட் ஃபிளாய்ட் என்று ஒரு வயதான கத்தோலிக்க வக்கீல், சிறையில் இருந்தவர். ஜேம்ஸின் மகள் எலிசபெத்தும் மருமகன் ஃபிரெடரிக்கும் போரில் தோற்று பிராக் நகரத்தை விட்டு ஓடிய செய்தி கேட்டு, "குட்மேனும் குட்வைஃபும் ஓடிட்டாங்களாமே" என்ற தொனியில் கேலி பேசிவிட்டார். குட்மேன் என்பது அன்றைக்குச் சாதாரணக் குடியானவரைக் கூப்பிடுகிற சொல். ராஜா வீட்டு மாப்பிள்ளையை "வாய்யா, போய்யா" என்றது போல.

மக்கள் சபை கொதித்துவிட்டது. மே 1 அன்று 1,000 பவுண்டு அபராதம், பொது இடத்தில் கழுமரச் சட்டத்தில் நிறுத்துவது என்று தீர்ப்புச் சொன்னது. இத்தனைக்கும் ஃபிளாய்ட் சபை உறுப்பினர் இல்லை. அவர் சபையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஜேம்ஸே, உங்களுக்கு இதில் என்ன அதிகாரம் என்று கேட்டு, தீர்ப்புச் சொல்வது மக்கள் சபையின் வேலை இல்லை என்கிற 1399-ஆம் வருடத்துப் பதிவை எடுத்துக் காட்டினார். வழக்கு பிரபுக்கள் சபைக்குப் போனது. அங்கே இன்னும் மோசம். 5,000 பவுண்டு அபராதம், ஆயுள் சிறை, குதிரையில் வால் பக்கம் பார்த்து உட்கார வைத்து ஊர்வலம், நெற்றியில் கே என்ற எழுத்தைச் சூடு போடுவது. நம்ம ஊர் கரும்புள்ளி செம்புள்ளியேதான். (கே என்றால் கயவன் என்று வைத்துக்கொள்ளலாம், தமிழிலும் பொருந்துகிறது.)

இதே மக்கள் சபைதான் அந்த வருடம் டிசம்பர் 18 அன்று, பேச்சுரிமை மன்னர் போட்ட பிச்சை இல்லை, எங்கள் பிறப்புரிமை என்று எழுதி வைத்தது. ஜேம்ஸ் அந்தப் பக்கத்தைத் தன் கையாலேயே கிழித்தார். சபை உரிமை என்பது அங்கே மன்னருக்கு எதிரான கேடயம். கேடயத்தோடு ஒரு கம்பும் சேர்ந்தே வந்தது என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

இனி நேராகச் சென்னைக்கு வருவோம். நம் அரசியலமைப்பின் 194(3)-ஆம் பிரிவு, சட்டமன்றத்தின் உரிமைகளைச் சட்டம் போட்டு வரையறுக்கும் வரை, பிரிட்டிஷ் மக்கள் சபைக்கு 1950-இல் என்ன உரிமைகள் இருந்தனவோ அவையே இங்கும் என்றது. என் தொழில் பாஷையில் சொன்னால், அடுத்தவர் லைப்ரரியை உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் போடாமல் அப்படியே இம்போர்ட் செய்தது. 1978-இல் 44-ஆவது திருத்தம் பிரிட்டிஷ் சபையின் பெயரை மட்டும் எடுத்தது; அதுவரை இருந்த உரிமைகள் தொடரும் என்றது. வேரியபிள் பெயர் மாறியது, வேல்யூ அப்படியே.

அந்தக் கம்பு ஓங்கப்பட்டது 1987-இல். ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்ற கேள்விக்கு, ஒருவரைப் பிக்பாக்கெட் போலவும் இன்னொருவரை முகமூடிக் கொள்ளையர் போலவும் அடையாளம் சொல்கிற ஜோக். மன்னிப்பு வெளியிடச் சொன்னார்கள். ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மறுத்தார். ஏப்ரல் 4 அன்று சட்டமன்றம் 3 மாதக் கடுங்காவல் விதித்தது. சபாநாயகர் பி.எச். பாண்டியன். நாடு முழுக்க எதிர்ப்பு வர, சில நாட்களில் விட்டுவிட்டார்கள். 2003 நவம்பர் 7 அன்று தி இந்து ஆசிரியர் உள்ளிட்டோருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறை என்றது அதே சட்டமன்றம். மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

பரிவட்டச் சண்டைக்குத் திரும்புகிறேன். வெறும் மரியாதைக்காக மட்டும் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது, அது ஒரு பதவியோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்று 1961-இல் ஆழ்வார்திருநகரி ஜீயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பதில், தமிழ்நாடு அறநிலையச் சட்டம் 1959-இன் 63-ஆம் பிரிவில் கோயில் மரியாதை யாருக்கு என்று முடிவு செய்யும் வேலையை அறநிலையத்துறை அதிகாரியிடம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது மரியாதை போச்சு என்று சொல்கிற கரைக்காரரே தீர்ப்பும் சொல்ல முடியாது. இந்தச் சட்டத்தை இயற்றியது யார்? சட்டமன்றம்தான். தன் மரியாதை என்று வரும்போது மட்டும் வாதி, நீதிபதி, சிறைக்கு அனுப்புகிறவர் எல்லாம் அதுவே.

ஒரிஜினல் என்ன ஆயிற்று என்றும் பார்த்தேன். பிரிட்டிஷ் மக்கள் சபை கடைசியாக அபராதம் போட்டது 1666-இல். சிறைக்கு அனுப்பியது 1880-இல். 1957-இல் ஒரு பத்திரிகை ஆசிரியரைச் சபை முன்னால் வரவழைத்தார்கள், அவர் மன்னிப்புக் கேட்டார், அதோடு அனுப்பிவிட்டார்கள்.

பாலசுப்ரமணியன் சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார். 1994-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, அடையாள இழப்பீடாக 1,000 ரூபாய் தரச் சொன்னது. அந்தப் பணத்தை அவர் செலவழிக்கவில்லை. பிரேம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டிவிட்டார்.